இடது காதில் குடியிருந்தவள்

வாயாடி என்று அவளுக்குப் பேர் வைத்தது அவளுடைய அண்ணன். பேர் வைத்த நேரம், பிழைப்பும் அதிலேயே அமைந்துவிட்டது. பதினொரு வருடங்களாக, இருபத்து மூன்று படங்களில், அவள் ஒரே ஒரு நடிகைக்கு வாயாக இருந்தாள். முகம் அந்த நாயகியுடையது. அழுகை, சிரிப்பு, சண்டை, கொஞ்சல் எல்லாம் இவளுடையது. கடையில் போய் "ஒரு கிலோ வெங்காயம் குடுங்க" என்றால் கடைக்காரர் வெடுக்கென்று நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் குரலுக்கு இந்த முகமா என்று ஒரு நொடி ஏமாந்துவிட்டு, மறுபடி தராசுக்குத் திரும்புவார். வாயாடிக்கு அது பழகிப்போன விஷயம். அவருக்காகத்தான் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் நாயகியை நேரில் பார்த்ததே இல்லை. படப்பிடிப்பெல்லாம் முடிந்து, நாயகி வேறு ஊரில் வேறு படத்துக்குப் போன பிறகுதான் வாயாடியின் வேலை தொடங்கும். இருட்டான சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு, எதிரே திரை, முகத்துக்கு நேரே மைக். இடது காதில் மட்டும் ஹெட்போனின் குமிழை மாட்டிக்கொள்வாள். அதில் பைலட் ஓடும். பைலட் என்றால், படப்பிடிப்பு நடந்த இடத்தில் அப்படியே பதிந்த கச்சாக் குரல். அதைக் கேட்டு, உதட்டைப் பார்த்து, அதன் மேல் தன் குரலை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு பைலட்டைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள். நாயகியின் சொந்தக் குரலை உலகத்தில் எந்த ரசிகனும் கேட்டதில்லை. படப்பிடிப்பு ஆட்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை; இடது காது வழியாக உட்கார்ந்து கேட்டவள் வாயாடி மட்டும்தான்.

அதுவும் எப்பேர்ப்பட்ட கேட்பு! வசனத்துக்கு முன்னும் பின்னும் மைக் திறந்தே கிடக்கும். அதில் விழாதது எது? வசனம் தப்பினால் "ஐயோ போச்சு" என்பாள் நாயகி. "இந்தச் செருப்பு யாரு எடுத்தது, கடிக்குது" என்பாள். போனில் அம்மாவிடம், "நான் சின்னப் புள்ள இல்லம்மா, வை போனை" என்று எரிந்து விழுந்துவிட்டு, அடுத்த நொடியே "சரி சரி, மாத்திரை போட்டியா?" என்பாள். கரகரப்பான, அடித்தொண்டைக் குரல். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாதியிலேயே முழுங்கிவிடுவாள். வாயாடிக்கு அந்தக் குரல் மேல் உயிர். இருட்டறையில் ஆள் யாரும் இல்லை என்ற தைரியத்தில் பதிலும் சொல்வாள்.

"சாப்பிட்டியாடி? குரலே கம்முது பாரு."

சாப்பிட்டாளா இல்லையா என்று அடுத்த துண்டு படத்திலும் தெரியாது. அது ஏழு மாதத்துக்கு முன்னால் எடுத்த காட்சி. அதனால் என்ன, கேட்கத் தோன்றினால் கேட்டுவிட வேண்டியதுதான்.

வாயாடியின் புருஷன் பல்செட் செய்கிறவர். வீட்டு அலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ வெள்ளை மாவில் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். போன வருடம் நாயகி இடது பக்கக் கடைவாய்ப்பல் வலியோடு ஒரு படம் முழுக்க நடித்தாள். வாயாடி அதை வீட்டில் வந்து சொல்ல, அவர் மூன்று நாள் அதே கவலையாகத் திரிந்தார்.

"சூடா குடிச்சா வலிக்குதுங்குறாளா, ஜில்லுன்னு குடிச்சா வலிக்குதுங்குறாளா?"

"எது குடிச்சாலும் ஸ்ஸ்ங்குறா."

"அப்போ புடுங்கித்தான் ஆகணும். சொல்லிடு."

"யாருகிட்ட சொல்ல? அவ எனக்கு வெறும் காதுதாங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நகல் படம் வந்தது.

இயக்குநர் சின்ன வயதுக்காரர்; நிற்க நேரமில்லாத மாதிரி நின்றுகொண்டே கதை சொன்னார். ஒரு நிறுவனம் ஆட்களை விண்கலத்தில் எட்டு மாதப் பயணம் அனுப்புகிறது. வீட்டில் இருப்பவர்கள் ஏங்கிப்போகக் கூடாது என்பதற்காக, போகிறவரின் அச்சு அசல் நகல் ஒன்றைச் செய்து வீட்டில் விட்டுவிடுகிறது. தான் நகல் என்பது நகலுக்கே தெரியாது. சமைக்கிறது, வேலைக்குப் போகிறது, அம்மாவோடு சண்டை போடுகிறது. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் கதவு தட்டப்படுகிறது. திறந்தால், வெளியே அவளே நிற்கிறாள்.

வாயாடிக்குப் புல்லரித்தது. "அப்புறம்?"

"ரெண்டு பேரும் நான்தான் நிஜம்னு சொல்றாங்க. யாரு நிஜம்னு கடைசி வரைக்கும் ஜனங்களுக்குத் தெரியக் கூடாது. ரெண்டு வேஷமும் மேடம்தான். ஆனா மேடம் ஒரு நிபந்தனை போட்டுட்டாங்க அக்கா." இயக்குநர் பிடரியைச் சொறிந்தார். "இந்தப் படத்துல அவங்க சொந்தக் குரல்தானாம்."

 வாயாடி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "அப்போ எனக்கு இங்க என்ன வேலை?" என்றாள்.

"அங்கதான் விஷயமே. வீட்டுல இருக்குறவளுக்கு உங்க குரல். வந்து கதவைத் தட்டுறவளுக்கு மேடம் குரல். ஜனங்க பதினோரு வருஷமா உங்க குரலைத்தான் மேடம்னு நினைச்சுட்டு இருக்காங்க. அதனால வீட்டுல இருக்குறவதான் நிஜம்னு கண்ணை மூடிட்டு நம்புவாங்க. கடைசியில அவதான் நகல்னு உடைக்கிறோம். கொட்டகையே ஆடிப்போயிடும்!"

வாயாடி வீட்டுக்கு வந்து, அலமாரித் தாடைகளுக்கு எதிரே தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். புருஷன் ஒரு பல்லைத் தேய்த்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார்.

"நீ நல்லாப் பேசினா என்ன ஆகும்?" என்றார்.

"நல்லாப் பேசினா எல்லாரும் நம்புவாங்க. நம்பினா கடைசியில நான் போலின்னு ஊருக்கே தெரியும். அவ குரல்தான் நிஜம்னு ஆயிடும். அதுக்கப்புறம் அவ படத்துக்கெல்லாம் அவளே பேசுவா."

"மோசமாப் பேசினா?"

"காட்சியே எடுபடாது. இந்த ரெண்டு குரல் யோசனையையே விட்டுட்டு, பழையபடி ரெண்டையும் என்னையே பேசச் சொல்லுவாங்க."

"வேற நடிகைங்களுக்குப் பேசுறல்ல? வேலை ஒண்ணும் போயிடாதே."

"வேலைக்கா அழறேன்?" என்றாள் வாயாடி. "இனிமே என் காதுல அவ இருக்க மாட்டா. அவ என்ன ஆனா, அம்மாவோட சண்டை தீந்துதா, எதுவும் தெரியாது. பதினோரு வருஷம் கூடவே இருந்துட்டு, இப்போ திடீர்னு காது காலியாப் போச்சுன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. கையில் இருந்த பல்லை அவளிடம் காட்டி, "பாரு, அசலை விட இது அழகு," என்றார். வாயாடிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வழக்கமாக ஒவ்வொருவராகத்தான் பேசிப் பதிவார்கள். கதவுக் காட்சிக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று பேசினால்தான் அனல் பறக்கும் என்று இயக்குநர் ஒரே பிடிவாதம். அப்படித்தான் ஒரு காலை பத்து மணிக்கு, பஞ்சுச் சுவர் அறைக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நாயகி வந்தாள்.

திரையில் பார்ப்பதை விடக் குள்ளம். கண்ணாடி போட்டிருந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். வாயாடி எழுந்து நின்றாள்.  

"வணக்கம்க்கா. உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் நாயகி.

வாயாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நாயகியின் குரல் இல்லை. கரகரப்பைக் காணோம், முழுங்கும் கடைசிச் சொல்லையும் காணோம். வழவழவென்று, இழுத்து, இனிப்பாக, வாயாடி இருபத்து மூன்று படங்களில் பேசிய அதே பேச்சு.

சரி, வெளி ஆளிடம் இப்படிப் பேசுவாள் போலிருக்கிறது, மைக் முன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. திரையில் கதவு திறந்தது. வெளியே நிற்கிறவள் சொல்ல வேண்டிய வசனம்: "கதவை விடு. இது என் வீடு." நாயகி அதைச் சொல்வதற்கு முன் ஒரு குட்டி மூச்சு இழுத்தாள். வாயாடிக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. அதன் மிச்சம்தான் அந்த மூச்சு. எந்த வசனத்துக்கு முன்னாலும் தானாக வந்துவிடும். நாயகிக்கு நுரையீரலில் ஒரு குறையும் கிடையாது. தன் படங்களைத் தானே பார்த்துப் பார்த்து, இழுப்பு உட்பட எல்லாவற்றையும் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள்!

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் வந்தது. "ஒரு நிமிஷம். இதுல எது யாரு? எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல."

ஏழு டேக் போனது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் தன்னோடு தானே சண்டை போடுவது போல் இருந்தது. "உங்க குரல்ல பேசுங்க மேடம்," என்றார் இயக்குநர். "இதுதாங்க என் குரல்," என்றாள் நாயகி, வாயாடியின் குரலில். அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் கண்ணாடிக்கு அப்பால் வாயாடியை மட்டும் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "இது வேலைக்கு ஆகாதுக்கா. நீங்களே ரெண்டையும் பேசிடுங்க. மேடத்துகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான். வாயாடி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். இடது காதில் அவள் இருப்பாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே நாயகி முக்காலியில் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தோற்றுவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாயாடிக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, கோபம். இவ்வளவு நல்ல குரலைத் தொண்டைக்குள் பூட்டி வைத்துவிட்டு, என்னுடைய இழுப்பை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே! அந்தக் குரலை ஜனங்கள் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று பார்க்கும் ஆசையும் அந்தக் கோபத்துக்குள் இருந்தது. அது பதினொரு வருட ஆசை.

அவள் மறுபடி உள்ளே போய் மைக் முன்னால் நின்றாள். தொண்டையைக் கீழே இறக்கி, கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்து, பேசினாள்.

"ஐயோ போச்சு. இன்னொரு தடவை போலாமா? இந்தச் செருப்பு யாரு எடுத்தது, கடிக்குது. நான் சின்னப் புள்ள இல்லம்மா, வை போனை. சரி சரி, மாத்திரை போட்டியா?"

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நாயகியின் கையில் இருந்த மூடி கீழே விழுந்து உருண்டது.

"இது யாரு?" என்றாள்.

"நீங்கதான் மேடம்."

"நான் இப்படியா பேசுறேன்?"

"கேமரா ஓடாதப்போ இப்படித்தான். ஓடுறப்போ கூட இப்படித்தான். இங்க வந்துதான் என்னை மாதிரிப் பேசுறீங்க. அந்த மூச்சு என்னோட இழுப்பு. உங்களுக்கு எதுக்கு அது?"

நாயகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியம் மெல்ல மெல்ல வேறு எதுவாகவோ மாறி, முகம் சிவந்தது. "அம்மாகிட்ட பேசினதெல்லாம் கேட்டிருக்கீங்களா? எல்லாத்தையுமா?"

"நீங்க மைக்கை மூடல. நான் காதை மூடிக்கிட்டா வேலை பாக்க முடியாது." சொல்லிவிட்டு, பொறுக்க முடியாமல் கேட்டும்விட்டாள். "அந்தக் கடைவாய்ப்பல் என்ன ஆச்சு? இடது பக்கம்?"

நாயகியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "புடுங்கியாச்சு. போன வருஷமே."

"அப்பாடா! எங்க வீட்டுக்காரர் தூங்கவே இல்ல."

நாயகி சிரித்தாள். விக்கல் மாதிரி இரண்டு தடவை வெட்டி, அடித்தொண்டையிலிருந்து வந்த சிரிப்பு. வாயாடி அந்தச் சிரிப்பை முதல் முறையாக வலது காதிலும் கேட்டாள், கண் கலங்கிவிட்டது.

"அந்தச் சிரிப்புக்கு எந்தத் தொண்டையோ, அதுலயே வசனத்தைச் சொல்லுங்க," என்றாள்.

எட்டாவது டேக். "கதவை விடு. இது என் வீ..." என்று கடைசி எழுத்தை முழுங்கியபடி, கரகரவென்று, நாயகி சொன்னாள். எட்டு மாதம் விண்வெளியில் ஒண்டியாகக் கிடந்துவிட்டு வந்தவளின் குரல் வேறு எப்படி இருக்கும்? இப்போது வாயாடியின் முறை. வேண்டுமென்றே சொதப்ப அது கடைசி வாய்ப்பு. அவள் குட்டி மூச்சை இழுத்தாள்.

"உன் வீடா? அப்போ நான் யாரு?"

அதை அவள் நடிக்கவில்லை. கேட்டாள்.  "ஓகே," என்றார் ஒலிப்பதிவாளர், இன்னொரு டேக் கேட்காமல்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. நாயகி கைகூப்பி, "வரேங்க்கா," என்று அந்தக் கரகரப்பிலேயே சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். வாயாடி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அண்ணன் பார்த்திருந்தால் வைத்த பேரை வாபஸ் வாங்கியிருப்பார்.

இரண்டு மாதம் கழித்து ஒலிப்பதிவாளர் போன் பண்ணினார்.

"அக்கா, மேடம் உங்க பழைய பதிவையெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. பதினோரு வருஷத்தோடதும். வெட்டாதது."

"வெட்டாததா? அதுல என்னடா இருக்கு?"

"டேக்குக்கு நடுவுல நீங்க பேசுறதெல்லாம் இருக்குமே. உங்க மைக்கும் திறந்துதானே இருக்கு."

வாயாடிக்கு உச்சி முதல் பாதம் வரை வேர்த்தது. அடுத்தவள் மைக்கை மூடவில்லை என்று பதினொரு வருடம் ஒட்டுக்கேட்டவளுக்குத் தன் மைக்கும் திறந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லை! என்னென்ன உளறினோம் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். பல்லுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னது. அம்மாவிடம் இப்படியாடி பேசுவார்கள் என்று திட்டியது. சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று ஒரு நூறு தடவையாவது கேட்டது. மானம் கப்பலேறிவிட்டது என்று புருஷனிடம் புலம்பினாள். அவர், "எல்லாம் நல்லதுதானே சொல்லியிருக்க," என்றார்.

படம் வந்தது. இரண்டு பேரும் மதியக் காட்சிக்குப் போனார்கள். கூட்டம் நெரிந்தது. முன் வரிசையில் ஒரு வயதான அம்மாள், தின்பண்டப் பொட்டலத்தோடு தனியாக வந்திருந்தார். படம் தொடங்கியதிலிருந்து திரையோடு பேசிக்கொண்டே இருந்தார். வீட்டில் இருக்கிறவளுக்குத்தான் அவர் ஆதரவு. கதவைத் தட்டியவள் வாயைத் திறந்ததும், "ஏய், இவ குரலே சரியில்ல, திருட்டுக் குரல். உள்ள விடாதேம்மா," என்று எச்சரித்தார். வாயாடி சீட்டில் நெளிந்தாள்.

கடைசியில் உண்மை உடைந்தது. இயக்குநர் சொன்னபடியே கொட்டகை ஆடிப்போனது. "அட, இவளா போலி? எத்தனை வருஷமாக் கேக்குற குரல்!" என்று முன் வரிசை அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். புருஷன் வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டார். 

கடைசிக் காட்சி அவளுக்குத் தெரியும். நகல் ஒரு பையோடு வெளியே போவாள். நிஜமானவள் கதவைச் சாத்துவாள். பேச்சு எதுவும் கிடையாது. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நகல் வாசலில் நிற்க, அதோடு படம் முடியும். அதற்கு அவள் குரல் தேவைப்படவில்லை என்பதால் பதிவும் இல்லை.

கதவு சாத்தப்பட்டது. நகல் வாசலில் நின்றாள். அப்போது, கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கரகரத்த குரல் கேட்டது. முகம் தெரியாத இடத்தில் எந்த வசனத்தையும் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

"சாப்பிட்டேன்," என்றது குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு, "நீ சாப்பிட்டியா?"

கொட்டகையில் சிலர் சிரித்தார்கள், சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். என்ன இது, சம்பந்தமில்லாமல் என்று யாரோ முணுமுணுத்தார்கள். வாயாடிக்கு எதுவும் காதில் விழவில்லை. பதினொரு வருடமாக இருட்டுக்குள் கேட்டுக் கேட்டு விட்டுவிட்ட கேள்விக்கு, இரண்டு காதிலும் ஒன்றாக வந்து விழுந்த பதில் அது. கன்னம் முழுக்க நனைந்துவிட்டது. திரையில் நகல் பேசாமல் நின்றுகொண்டிருந்தாள். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. வாயாடியால் அப்படிச் சும்மா இருக்க முடியுமா?

"ம்... சாப்பிட்டேன்டி," என்றாள், வாய்விட்டு.

முன் வரிசை அம்மாள் சடாரென்று திரும்பினார். திரையைப் பார்த்தார், வாயாடியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். வெங்காயக் கடைக்காரர் மாதிரி அவர் ஏமாறவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முழுக்க இவள் பக்கம் திரும்பினார்.

"வெளிய வந்துட்டியாம்மா?" என்றார். "இப்போ எங்க போவ?"

வாயாடி அந்தக் குட்டி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குத்தான்மா."